குடியை நிறுத்த அறையில் பூட்டிவைக்க நினைப்பவர்களுக்கு

தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் நான். இப்போது மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தை ஒட்டிய ஒரு சின்ன வீட்டில் தம்பியோடு இருக்கிறேன். தம்பி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவன். பிறகு செம்பனைக்கு மாறினான். சம்சு என்கிற மலிவுச் சாராயத்தை மட்டும் மாற்றவில்லை. அவன் கதை ஊருக்குத் தெரியும் என்பதால் அவ்வப்போது யாராவது ஒரு பெண் வாசலில் வந்து நிற்பாள். "அக்கா, இரண்டு நாள் அறையில் பூட்டிவைத்தால் சரியாகிவிடுமா?" என்று மெதுவாகக் கேட்பாள்.

ஆகாது. ஆள் செத்துப்போகக்கூடும். நான் பூட்டிப் பார்த்தவள், அதனால் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கடைசிப் போத்தல். சனிக்கிழமை விடிந்ததும் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். மத்தியானத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி. கொழுப்பு கரைகிறது என்று நினைத்து எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தேன். அன்று நள்ளிரவில் வலிப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். அப்போதும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பூசாரியை அழைத்து விபூதி போட்டோம். ஞாயிறு இரவு அவன் எழுந்து அலமாரிக் கதவின் முன் நின்றான். இல்லாத கத்தியைப் பிடித்து, மேலிருந்து கீழாக, சாய்வாக, பட்டை சீவுவது போல இழுத்தான். குனிந்து, பால் வடியும் மங்கை, அந்த இல்லாத கிண்ணத்தை, திருப்பி வைத்தான். அடுத்த மரத்துக்கு நகர்ந்தான். "பிரட்டுக்கு மணி அடித்துவிட்டார்கள், காலணி எங்கே அக்கா?" என்றான். பிரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. திங்கட்கிழமை விடியற்காலை பக்கத்து வீட்டுக்காரர் காரில்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பத்து நாள் படுத்திருந்தான். பிழைத்தது அதிர்ஷ்டம்.

நடந்தது என்ன என்பதை அந்த வார்டில் ஓர் இளம் மலாய் டாக்டர் எனக்குப் புரியும்படி சொன்னார். சாராயம் மூளையை அமுக்கிவைக்கிறது. வருடக்கணக்கில் அமுக்கினால், மூளை அதை எதிர்த்துத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒரே நாளில் சாராயத்தை எடுத்துவிட்டால் எதிர்த்துத் தள்ள ஒன்றுமில்லாமல் அந்த வேகம் மட்டும் நிற்கிறது. நடுக்கமும் வலிப்பும் அதுதான். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில்தான் இல்லாததைப் பார்க்கிற, காய்ச்சல் கொதிக்கிற பித்தநிலை. எங்கள் வீட்டில் நடந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், மணி பிசகவில்லை. பூசாரி பாவம், அவர் மேல் குற்றமில்லை.

ஆகவே முதல் வேலை: காலையில் எழுந்ததும் ஒரு மடக்கு இல்லாமல் கை நிற்காதவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு கண்டவர், தினமும் நிறையக் குடிக்கிறவர், இவர்கள் யாரும் டாக்டர் பார்க்கும்வரை திடீரென்று நிறுத்தக் கூடாது. கேட்க நெருடலாக இருக்கும். இரண்டாம் முறை தம்பியே "விட்டுவிடுகிறேன் அக்கா" என்று வந்தபோது, டாக்டரைப் பார்க்க இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் அவனுக்கு நானே பணம் கொடுத்தேன். கூட்டவில்லை, சட்டென்று குறைக்கவுமில்லை. கடைக்குப் போன தெருவில் நான்கு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இரண்டாவது வேலைதான் முக்கியம். எவ்வளவு குடிக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். "கொஞ்சம்தான் டாக்டர்" என்று எல்லா ஆண்களும் ஒரே ராகத்தில் சொல்வார்கள். அந்தக் கொஞ்சத்தை நம்பி மருந்தின் அளவைப் போட்டால் நோயாளிக்குத்தான் ஆபத்து. தம்பி கடனுக்கு வாங்கிய மளிகைக் கடையில் அவன் பெயருக்கு ஒரு 555 புத்தகம், கடன் கணக்கு எழுதும் சின்ன நோட்டு, இருந்தது. அரிசி, சீனி, மீன் டின். நடுவில் "எண்ணெய் 2", "எண்ணெய் 2", ஞாயிற்றுக்கிழமை என்றால் "எண்ணெய் 3". எங்கள் வீட்டில் நாள் ஒன்றுக்கு இரண்டு எண்ணெய் வாங்கி நாங்கள் என்ன வடைக்கடையா வைத்திருக்கிறோம்? அந்த ஒரு மாதத்தில் 64 எண்ணெய், அதாவது 64 போத்தல் சம்சு. கடைக்காரரிடம் கெஞ்சி அந்தப் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டேன். காலிப் போத்தல் ஒன்றையும் பையில் போட்டேன். போத்தலில் அளவும் சாராயச் சதவீதமும் அச்சிட்டிருக்கும். சம்சு என்ற பெயரை வைத்து அது எவ்வளவு கடுமை என்று டாக்டருக்குத் தெரியாது.

கூடவே ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாகக் குடித்த நாள், மணி, முன்பு வந்த வலிப்பு, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோய், ரத்த அழுத்த மாத்திரைகள், தூக்க மாத்திரையோ வேறு போதைப்பொருளோ உண்டா என்பது. கடைசியதை மறைக்கவே மறைக்காதீர்கள். தூக்க மாத்திரைப் பழக்கத்தைத் திடீரென்று விட்டாலும் வலிப்பு வரும். பழைய வலிப்பை மறைப்பதும் தவறு. நிறுத்துவதும் திரும்பக் குடிப்பதுமாக இருப்பவருக்கு ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கடுமை கூடிக்கொண்டே போகலாம்.

எங்கே போவது? சாதாரணமாக நடமாடுகிறவர் என்றால் அரசாங்க கிளினிக். குடியுரிமை உள்ளவருக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட்தான். சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்குக் கட்டணம் வேறு, முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் பார்த்து, வீட்டிலிருந்தே மாத்திரையில் முடியுமா, வார்டில் சேர்க்க வேண்டுமா என்று சொல்வார். தம்பிக்குப் பழைய வலிப்பு இருந்ததால் கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வலிப்பு, பிதற்றல், காய்ச்சல் எது வந்தாலும் கிளினிக் வேண்டாம், நேராக அவசரப் பிரிவு, அல்லது 999. குடித்த மறுநாள் கண் மங்கலாகத் தெரிகிறது என்றாலும் அப்படியே ஓடுங்கள். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் செத்தார்கள். அது வெறும் தலைவலி போலத்தான் ஆரம்பிக்கும்.

"தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று தம்பியும் கேட்டான். எங்கள் பக்கம் அந்த ஊர்ப் பெயரே கேலிச்சொல். 1911 முதல் இருக்கும் மனநல மருத்துவமனை, எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றிய இடம், அதை வைத்து ஆளை வைவது நம் அறியாமை. ஆனால் குடியை நிறுத்த எல்லாரும் அங்கே போக வேண்டியதில்லை. தம்பி படுத்தது சாதாரணப் பொது வார்டில், ஒரு பக்கம் டிங்கி நோயாளி, மறுபக்கம் ஆஸ்துமா.

வார்டில் அதிசயம் எதுவும் நடக்காது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை தாதி வந்து இரண்டு கைகளையும் நீட்டச் சொல்வார், விரல் நடுக்கத்தைப் பார்ப்பார், வியர்வை, குமட்டல், படபடப்பு கேட்பார், இன்று என்ன கிழமை என்பார். ஒவ்வொன்றுக்கும் புள்ளி. புள்ளி கூடினால் டயஸிபாம் போன்ற மாத்திரை கூடும், குறைந்தால் குறையும். சாராயம் அமுக்கிய அதே இடத்தை மருந்து அமுக்கி, ஐந்தாறு நாளில் படிப்படியாகக் கையை எடுக்கிறது. மாடியிலிருந்து தள்ளிவிடாமல் படியில் இறக்குவது போல. பி1 வைட்டமின் ஊசியும் போட்டார்கள். குடிகாரர் உடம்பில் அது வற்றிக் கிடக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குக் கேடு வரலாம், நினைவே போய்விடலாம். நான் முதல் முறை கரண்டி கரண்டியாகக் குளுக்கோஸ் மாவு கரைத்துக் கொடுத்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

உங்கள் வேலை பக்கத்தில் உட்காருவது. வார்டில் வைத்துப் பழங்கணக்கு பேசாதீர்கள். யாராவது பார்க்க வந்தால் பையைக் கவனியுங்கள். எங்கள் சித்தப்பா மகன் மைலோ டப்பாவுக்குள் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்தான், அன்பினாலாம். அந்த மாத்திரையின் மேல் சாராயம் போனால் மூச்சே அடங்கிவிடலாம்.

போதைப்பொருள் என்றால் கதை கொஞ்சம் வேறு. ஹெராயினை விடும்போது உடம்பு முறுக்கும், வயிற்றுப்போக்கு, தூக்கமில்லை. பெரும்பாலும் அதில் உயிர் போவதில்லை. ஆனால் சில வாரம் விட்டவர் பழைய அளவையே திரும்ப எடுத்தால் போய்விடும், உடம்பு அதற்குள் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். 2005 முதல் இந்நாட்டில் ஹெராயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெத்தடோன் சிகிச்சை இருக்கிறது, அரசாங்க கிளினிக்கில் கேளுங்கள். சியாபு என்கிற மெத்தாம்பெட்டமினுக்கு அப்படி மாற்று மருந்து கிடையாது. விட்ட நாட்களில் மனம் மிகவும் சோர்ந்து தற்கொலை எண்ணம் வரலாம், தனியே விடாதீர்கள். 15555 என்ற மனநல உதவி எண்ணை எழுதிக் கதவில் ஒட்டுங்கள். போலீஸுக்குப் பயந்து பையனை ஒளிக்கும் தாய்மார்கள் அறிய வேண்டியது ஒன்று: தானாக வந்து சிகிச்சை கேட்பவருக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

வீட்டுக்கு வந்தபின் மிஞ்சிய மாத்திரையை நான் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை கொடுத்தேன். கேட்டவர்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. வார்டில் கழுவியது உடம்பை மட்டும். ஆசை அப்படியே இருக்கும். அதைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு, கல்லீரல் பரிசோதனை பார்த்து டாக்டர் முடிவு செய்வார். ஆகவே மறு தேதி அட்டையைத் தொலைத்துவிடாதீர்கள். முதல் முறை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, தேதிக்குப் போகாமல், நான்காம் மாதம் தீபாவளியன்று தம்பி மறுபடி தொட்டான். இப்போது நான் உடன் போகிறேன், பஸ்ஸில், காலை ஏழரைக்கு.

கடைக் கடனை மூன்று தவணையில் அடைத்தேன். கடைசித் தவணையன்று கடைக்காரர் பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்து, புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். மீதியிருந்த தாள்களில் தம்பி தன் மாத்திரை நேரத்தை எழுதுகிறான். போன வாரம் ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது. கேட்க வேண்டும்.