இம்பிடன்ஸ் கொண்டு ஏசி சுற்றைச் சுருக்குவது எப்படி?

சுற்றில் கெப்பாசிட்டர் வந்ததுமே வகைக்கெழுச் சமன்பாடு எழுத வேண்டியதில்லை. மூலத்தில் ஒரே அதிர்வெண் கொண்ட சைன் அலை மட்டும் இருந்து, சுற்றும் நிலைப்பட்டுவிட்டால், ஒவ்வொரு பாகத்துக்கும் ஓமில் ஓர் இம்பிடன்ஸ் (மின் எதிர்ப்பு) எழுதலாம். பிறகு டிசி சுற்றுக்குப் போடும் அதே கணக்குதான்.

நம் சுற்று: 10 வோல்ட், 1592 ஹெர்ட்ஸ் ஏசி மூலம். அதற்குத் தொடராக 1000 ஓம் ரெசிஸ்டர். அதன் மறுமுனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 1000 ஓம் சுமையும் பக்க இணைப்பில். சுமைக்குக் குறுக்கே எத்தனை வோல்ட்?

படி 1: கெப்பாசிட்டரின் இம்பிடன்ஸைக் காணுங்கள். 2 × பை × அதிர்வெண், அதாவது 2 × பை × 1592 என்பது ஏறத்தாழ 10,000. அதை 0.1 மைக்ரோஃபாரடால் பெருக்கினால் 0.001, அதன் தலைகீழ் 1000 ஓம். கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் மின்னோட்டத்துக்கு 90 பாகை பின்தங்கும். ஆகவே −ஜே1000 என்று எழுதுங்கள் (ஜே என்பது −1-இன் வர்க்கமூலம்; −ஜே என்றால் 90 பாகை பின்தங்கல்). ரெசிஸ்டர்கள் அப்படியே 1000.

படி 2: பக்க இணைப்பைச் சுருக்குங்கள். பெருக்கற்பலனைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 500 − ஜே500 வரும். அளவு (500² + 500² என்பதன் வர்க்கமூலம்) 707 ஓம், கோணம் −45 பாகை.

படி 3: மொத்தம் = 1000 + 500 − ஜே500 = 1500 − ஜே500. அளவு 1581 ஓம், கோணம் −18.4 பாகை.

படி 4: மின்னழுத்தப் பகிர்வு. தொடரில் உள்ள இம்பிடன்ஸ்களின் விகிதத்தில் மூலத்தின் வோல்ட் பிரியும். 10 × 707 ÷ 1581 = 4.47 வோல்ட். கோணம் −45 + 18.4 = −26.6 பாகை.

பெரும்பாலோர் சறுக்குவது படி 3-இல்தான். 1000-உடன் 707-ஐ நேரடியாகக் கூட்டி 1707 என்று வைத்தால் 4.14 வோல்ட் வரும், தவறு. கோணம் வேறுபடும் இரண்டு இம்பிடன்ஸ்களின் அளவுகளை அப்படிக் கூட்டவே கூடாது. கூட்டல் கழித்தலுக்கு ஜே வடிவம், பெருக்கல் வகுத்தலுக்கு அளவும் கோணமும் என்று பிரித்துக்கொண்டால் இந்தத் தவறு வராது.

இன்னொன்று, சுமையை மறந்துவிட்டுப் பகிர்வைப் போடுவது. கெப்பாசிட்டர் மட்டும் என்றால் 7.07 வோல்ட் கிடைக்கும். சுமை சேர்ந்ததும் 4.47 ஆகிவிடுகிறது. பகிர்வு வாய்பாடு இரண்டு பாகங்களிலும் ஒரே மின்னோட்டம் ஓடினால்தான் செல்லும். இடையில் கிளை பிரிந்தால் முதலில் அதைச் சுருக்கியாக வேண்டும்.

விடையைச் சரிபார்க்க தெவெனின் வழி (சுற்றின் ஒரு பகுதியை ஒரே மூலமும் அதற்குத் தொடராக ஓர் இம்பிடன்ஸுமாகச் சுருக்குவது) நல்லது. கெப்பாசிட்டரைக் கழற்றினால் மிச்சச் சுற்று 5 வோல்ட் மூலமும் தொடராக 500 ஓமும் ஆகும். மீண்டும் மாட்டினால் மொத்தம் 500 − ஜே1000, அதன் அளவு 1118 ஓம். ஆகவே 5 × 1000 ÷ 1118, அதே 4.47.

பலகையில் அளக்கும்போது அலைக்காட்டியையே (ஆசிலோஸ்கோப்) நம்புங்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் பலவற்றின் ஏசி அளவீடு சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் பிசகும். மூலத்தின் 10 வோல்ட் உச்ச மதிப்பு என்றால் விடையும் உச்ச மதிப்புதான்.