வாழை சீப்பு அடி கருத்துப்போறது நின்ன கதை

எங்க பூவன் தார்ல சீப்பு வெட்டி வச்சா மூணாவது நாளே வெட்டுன அடிப்பகுதி கருத்து, அழுகல் காம்பு வரைக்கும் ஏறி, பழம் பழமா உதிர ஆரம்பிச்சிடும். காய் பச்சையா இருக்கப்ப ஒண்ணுமே தெரியாது, கொலிட்டோட்ரைக்கம் பூஞ்சை தோல்ல ஒளிஞ்சிருந்து பழுக்கும்போதுதான் வெளிய வரும்.

முதல்ல படிகாரத் தண்ணில முக்குனேன், கொஞ்சம் தள்ளிப்போச்சு அவ்ளோதான். கத்திய சீப்புக்கு சீப்பு கொதிதண்ணில கழுவியும் பாத்தேன். அப்புறம் இலவங்கப்பட்டை எண்ணெய் பூஞ்சைய அடக்கும்னு லிட்டருக்கு 4 மில்லி விட்டு முக்குனா முதல்ல முக்குன சீப்பெல்லாம் வழக்கம்போல அழுகுது, கடைசி சீப்புக்கு மட்டும் தோல் பொசுங்கி பழுப்பு திட்டு. இதுலயே நாலு நாள் போச்சு.

பக்கெட்ட சாய்ச்சப்பதான் புரிஞ்சுது, எண்ணெய்ன்னா மிதக்கும்னு நெனச்சிருந்தேன், பட்டை எண்ணெய் தண்ணிய விட கனம், அடியில உருண்டு கெடக்கு! மேல இருந்தது வெறும் தண்ணி.

அப்புறம் எண்ணெய் தண்ணியோட கலந்து நிக்கட்டும்னு 100 கிராம் அராபிக் பிசின (கருவேல வகை மரத்துப் பிசின்) வெதுவெதுப்பான தண்ணில ராத்திரியே ஊறவச்சு, வடிகட்டி, ஒரு லிட்டராக்கி, ஆறுனப்புறம் அதே 4 மில்லி எண்ணெய விட்டு மிக்ஸில பால் மாதிரி ஆகுற வரைக்கும் அடிச்சேன். சீப்பு வெட்டுன எடத்துல வாழைப்பால் வடிஞ்சு நின்னதுக்கு அப்புறம்தான் இதுல முக்கணும், ஈரத்தோட அடுக்காம ஃபேன் காத்துல நல்லா காயவிடணும். பத்து நாள் ஆச்சு, அடி இன்னும் கருக்கல, அப்பாடா.