பின்வாங்கிப்போனவர் மீண்டும் ஜெபிக்கத் தொடங்குவது எப்படி?

தேவனை விட்டு விலகுதல் பெரும்பாலும் ஒரே நாளில் நிகழ்வதில்லை; ஜெபம் சுருங்கி, வேதம் மூடிக் கிடந்து, ஆராதனைக்குச் செல்லாத ஞாயிறுகள் பெருகிய பின்னரே அதை உணர்கிறோம். ஆகவே திரும்புவதையும் சிறிய அளவிலேயே தொடங்குங்கள்.

முதலில், விலகியதற்குக் காரணம் மறைத்த பாவமா, பதில் கிடைக்காத விண்ணப்பமா, சபையில் பட்ட காயமா என்று பிரித்தறியுங்கள். ஏனெனில் பாவத்துக்கு மனந்திரும்புதல் வேண்டும், காயத்துக்கோ ஆறுதல் வேண்டும். இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, துக்கத்தில் இருப்பவர் தம்மையே குற்றவாளியாக்கிக்கொள்வதை வேதனையோடு கண்டிருக்கிறேன்.

குற்றவுணர்வு அழுத்தினால் 51-ஆம் சங்கீதத்தை உங்கள் ஜெபமாகவே வாசியுங்கள். வார்த்தையே வரவில்லையெனில் 88-ஆம் சங்கீதத்தை எடுங்கள். அது இருளிலேயே முடிகிறது, ஆயினும் வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. தம்மை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்த சீடர் பேதுருவிடம், யோவான் 21-ஆம் அதிகாரத்தில், கரையில் உணவளித்த பிறகு இயேசு மூன்று முறை கேட்டது பேதுருவின் அன்பைப் பற்றியே. மறுதலித்ததற்கு விளக்கம் கேட்கவில்லை.

பிறகு, இரகசியம் காக்கும் ஒரு விசுவாசியிடமோ போதகரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள். உணர்ச்சி திரும்பும்வரை காத்திராமல், தினமும் ஐந்து நிமிடம் ஜெபத்துக்கு ஒதுக்கி, வரும் ஞாயிறே ஆலயத்தின் கடைசி இருக்கையிலாவது அமருங்கள்.