கார் டயர் மாற்றுவதும் சரியான காற்றழுத்தம் வைப்பதும்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பெட்ரோல் பங்கில் காற்றுக் குழாயைக் கையில் எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு சார் வைக்கட்டும்?" என்பதுதான். அதற்கு விடை தெரியாமல் "எல்லாருக்கும் வைப்பதையே வையுங்கள்" என்று சொல்லிப் பல ஆண்டுகள் கார் ஓட்டியவன் நான். அதற்குத் தண்டமாக, முன் டயர்கள் இரண்டும் 25,000 கிலோமீட்டரிலேயே இரு ஓரங்களும் தேய்ந்து மொட்டையாகிவிட்டன. புது டயர் வாங்கப் போனபோதுதான், கடைக்காரர் கையால் செய்யும் வேலைக்கு ஈடான ஒரு வேலை நமக்கும் உண்டு, அது எண்களைப் படித்துச் சொல்வது என்பது விளங்கியது. டயரின் மேலும் காரின் கதவோரத்திலும் அச்சிட்டிருக்கும் அந்த எண்களை மையமாக வைத்தே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

டயரை எப்போது மாற்ற வேண்டும்

புதிய கார் டயரின் பட்டன்களுக்கு (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகளுக்கு) இடையே உள்ள பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அந்தப் பள்ளத்துக்குள் விரலை ஓட்டினால், ஆங்காங்கே குறுக்கே ஒரு சிறிய ரப்பர் மேடு தட்டுப்படும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். ஆனால் மழைக்காலத்தில் தேங்கிய நீரை விலக்கும் திறன் அதற்கு வெகு முன்பே குறைந்துவிடுகிறது என்பதால், 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மாற்றத் தயாராகிவிடுவது என் வழக்கம்.

எங்கே தேய்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஒரு ஓரம் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பிசகியிருக்கிறது. இந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதே வழியில் போகும். பக்கச் சுவரில் எங்கேனும் கொப்புளம் போல் வீங்கியிருந்தால் உள்ளே இழை அறுந்திருக்கிறது. அதற்குப் பஞ்சர் கடையில் மருந்து கிடையாது, பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் உடனே மாற்றிவிட வேண்டும்.

டயரின் மேல் உள்ள எண்கள்

பல சிறு கார்களில் காணப்படும் 165/80 ஆர்14 85டி (165/80 R14 85T) என்ற அளவை எடுத்துக்கொள்வோம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. அதாவது 132 மில்லிமீட்டர். ஆர் என்பது ரேடியல் அமைப்பையும், 14 என்பது ரிம்மின் (டயர் மாட்டப்படும் உலோகச் சக்கரத்தின்) விட்டத்தை அங்குலத்திலும் சொல்கின்றன. 85 என்பது சுமைக் குறியீடு. அந்த ஒரு டயர் 515 கிலோ வரை தாங்கும். டி என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வரை ஏற்ற டயர் என்பதற்கான அடையாளம்.

கடையில் "இந்த அளவு இருப்பில் இல்லை, வேறு அளவு பொருந்தும்" என்று சொன்னால் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கச் சுவர் இருமுறை, அதனுடன் ரிம்மின் விட்டம் (ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்) சேர்த்தால் டயரின் முழு விட்டம் கிடைக்கும். மேற்சொன்ன டயருக்கு அது ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். 185/65 ஆர்15 என்ற அளவுக்குக் கணக்கிட்டால் 621 அல்லது 622 வரும். எனவே 15 அங்குல ரிம்முக்கு மாறுபவர்களுக்கு வேகமானி ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆனால் 14 அங்குல ரிம்மிலேயே 175/65 போட்டால் விட்டம் 583க்கு இறங்கிவிடும். வேகமானி 100 காட்டும்போது கார் உண்மையில் 94இல்தான் போய்க்கொண்டிருக்கும், தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் இடையே உள்ள உயரமும் குறையும். எந்த அளவை வாங்கினாலும் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் காருக்குப் பரிந்துரைக்கப்பட்டதைவிடக் குறையக் கூடாது.

அடுத்து, டயர் பிறந்த தேதி. டிஓடி (DOT) என்ற எழுத்துகளுடன் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும்; 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஒரு கடையில் எனக்குப் "புதுச் சரக்கு" என்று எடுத்துக் காட்டிய டயர் மூன்றரை ஆண்டு பழையது. தேதியைப் படித்துச் சொன்னதும், மறுபேச்சில்லாமல் உள்ளே போய் வேறு டயர் கொண்டு வந்தார்கள்.

கடையில் கவனிக்க வேண்டியவை

ஓர் அச்சில் இருக்கும் இரண்டு டயர்களும் ஒரே நிறுவனம், ஒரே வகை, ஒரே அளவாக இருக்க வேண்டும். நான்கையும் மாற்ற முடியாமல் இரண்டு மட்டும் வாங்கினால், புதியவற்றைப் பின் சக்கரங்களில் போடச் சொல்லுங்கள். முன் சக்கர இழுவைக் கார்களில் முன் டயரே சீக்கிரம் தேய்வதால் புதியதை முன்னால் போடுவதே நியாயம் என்று பலருக்கும் தோன்றும். ஆனால் ஈரச் சாலையில் முன் டயர் பிடிப்பை இழந்தால் கார் திரும்பாமல் நேராக இழுக்கும். ஓட்டுநர் அதை ஸ்டியரிங்கில் உணர்ந்து ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்த முடியும். பின் டயர் பிடிப்பை இழந்தால் கார் சுழன்றுவிடும், புதிதாக ஓட்டுபவரால் அதை மீட்பது மிகக் கடினம்.

டயரைக் கழற்றியதும் வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். ட்யூப்லெஸ் டயரில் காற்றைக் காப்பது அந்தச் சிறிய ரப்பர்த் துண்டுதான், அதன் விலை மிகச் சொற்பம். பக்கச் சுவரில் அம்புக்குறி இருந்தால் கார் முன்னோக்கி ஓடும்போது சக்கரம் சுழலும் திசையை அது காட்ட வேண்டும். காற்று நிரப்பிய பின், ரிம்மின் விளிம்பை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிகிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் உள்வாங்கியிருந்தால் டயர் ரிம்மில் சரியாக அமரவில்லை. பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கச் செய்வது, கட்டாயம். அலைன்மெண்ட்டையும் அன்றே முடித்துவிடுவது நல்லது.

நட்டு முறுக்கும்போது ஒரு நட்டு, அடுத்து அதற்கு எதிரே உள்ள நட்டு என்ற வரிசையில் முறுக்க வேண்டும். கன் (நட்டு முறுக்கும் இயந்திரம்) வைத்து அலற அலற முறுக்கிவிட்டு அனுப்புவதை நான் ஏற்பதில்லை. வழியில் பஞ்சரானால் அந்த நட்டைக் கையால் கழற்ற இயலாது. கையேட்டில் உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட அளவுக்கு டார்க் ஸ்பேனரால் (குறித்த விசைக்கு மட்டும் இறுக்க உதவும் ஸ்பேனரால்) இறுக்கச் சொல்லிக் கேளுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி சோதிக்க வேண்டும். புது ரப்பரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும் என்பதால் முதல் 300 கிலோமீட்டருக்குத் திடீர்ப் பிரேக்கையும் வேகமான வளைவுகளையும் தவிருங்கள்.

வழியில் ஸ்டெப்னி மாற்றுவது

1. சாலையை விட்டு விலகி, சமமான கெட்டித் தரையில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் வைத்து, எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, மாற்றப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில் உள்ள சக்கரத்தின் இருபுறமும் கல் வையுங்கள்.
2. கார் தரையில் இருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் கால் சுற்று தளர்த்துங்கள். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சேர்ந்து சுழலும், காரும் ஜாக்கியிலிருந்து நழுவும்.
3. காரின் அடிவிளிம்பில் ஜாக்கிக்கென்று குறிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே ஜாக்கியை வைத்துத் தூக்குங்கள். ஸ்டெப்னியைக் காரின் அடியில் படுக்க வைத்திருங்கள். ஜாக்கி நழுவினாலும் கார் அதன்மேல் அமரும். உடம்பின் எந்தப் பகுதியும் காரின் அடியில் போகக் கூடாது.
4. கழற்றிய டயரை அடியில் தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்து மாட்டி, நட்டுகளைக் கையால் பொருத்துங்கள். பிறகு அடியில் உள்ள டயரை எடுத்துவிட்டுக் காரை இறக்கி, எதிரெதிராக இறுக்குங்கள்.

ஸ்டெப்னி என்ற பெயருக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் உருவாக்கிய மாற்றுச் சக்கரத்துக்கு, அவருடைய பட்டறை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயர் வைக்கப்பட்டது. அந்தத் தெருப்பெயர்தான் இன்றும் நம் பஞ்சர் கடைகளில் புழங்குகிறது.

சரியான காற்றழுத்தம்

டயரின் பக்கச் சுவரில் 44 அல்லது 51 பிஎஸ்ஐ (psi, காற்றழுத்தத்தின் அலகு) என்று அச்சிட்டிருப்பது அந்த டயருக்கான உச்ச வரம்பு. நீங்கள் வைக்க வேண்டிய அளவு அதுவன்று. உங்களுக்குரிய எண் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் தூணில் ஒட்டிய தகட்டிலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ இருக்கும். ஒரே டயரைச் சுமக்கும் இரு வேறு கார்களுக்கு வேறுவேறு அழுத்தம் தேவைப்படலாம், ஏனெனில் அது காரின் எடையைப் பொறுத்தது. தகட்டில் இருவர் பயணத்துக்கு ஓர் எண்ணும், முழு இருக்கையும் சாமானும் நிறைந்த பயணத்துக்கு அதைவிடக் கூடுதலான ஓர் எண்ணும் தனித்தனியே இருந்தால் அன்றைய சுமைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். கிலோபாஸ்கல் (kPa) என்ற அலகில் எழுதியிருந்தால் 6.9ஆல் வகுத்துக்கொள்ளலாம், 230 என்பது ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ.

அந்த எண் ஆறிய டயருக்கானது என்பதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. கார் மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓடியிருக்க வேண்டும். வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ ஏறும். மே மாத நண்பகலில் நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயர் 37 காட்டுகிறதென்று காற்றை 33க்கு இறக்கினால், மறுநாள் காலையில் அது 29 ஆகியிருக்கும்.

இதற்கு நான் பின்பற்றும் வழி எளியது. சொந்தமாக ஓர் அழுத்தமானி வாங்கி, காலையில் காரை எடுப்பதற்கு முன் நான்கு டயர்களையும் அளந்து எழுதிக்கொள்கிறேன். தேவை 33, இருப்பது 29 என்றால் குறைவு 4. பங்குக்குப் போய்ச் சேரும்போது அதே டயர் 31 காட்டினால், 33 வைக்கச் சொல்லாமல், 31உடன் 4 சேர்த்து 35 வைக்கச் சொல்கிறேன். மறுநாள் காலை அளந்தால் ஏறத்தாழ 33இல் நிற்கும்.

மலைப்பயணம் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மேட்டுப்பாளையத்தின் பிற்பகல் வெயிலிலிருந்து ஊட்டியின் விடியற்காலைக் குளிருக்குப் போனால், குளிரால் மட்டும் அழுத்தம் நான்கைந்து பிஎஸ்ஐ குறைய வேண்டும். ஆனால் 2,200 மீட்டருக்கு மேலான உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் அளவுமானி கூட்டிக் காட்டும். அந்தக் குறைவின் பெரும்பகுதி ஈடாகிவிடும். எனவே அங்கே அளந்து ஓரிரு பிஎஸ்ஐ குறைந்திருந்தால் கை வைக்க வேண்டாம்.

நைட்ரஜன் நிரப்பச் சொல்லிக் கட்டணம் கேட்பார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அளப்பவருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. நைட்ரஜன் உள்ள டயரில் சாதாரணக் காற்றைச் சேர்ப்பதாலும் கெடுதல் இல்லை.

அளந்து முடித்ததும் வால்வு மூடியைத் திரும்பப் போடுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் அளந்துவிடுங்கள். முழு அளவு டயராக இருந்தால் தகட்டில் உள்ள உயர்ந்த எண்ணுக்கே அதை நிரப்பி வையுங்கள். தேவைப்படும் அன்று காற்றை இறக்கிக்கொள்ளலாம், ஏற்றுவதற்குத்தான் பங்கைத் தேட வேண்டும்.