இயேசு கேட்ட ஒரு கேள்வியோடு ஒரு வாரம்: தொடங்குபவர்களுக்கு

சுவிசேஷங்களை வாசிக்கும்போது இயேசு சொன்னதை அடிக்கோடிடுகிறோம். கேட்டதைத் தாண்டிப் போய்விடுகிறோம். என்ன தேடுகிறீர்கள், ஏன் அழுகிறாய், அப்பம் எத்தனை இருக்கிறது: வீட்டிலும் வழியிலும் யாரும் கேட்கக்கூடிய கேள்விகள்தான் அவை. ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, தினமும் கால் மணி நேரம் போதும்.

1. ஒரே கேள்வியை எடுங்கள்

மாற்கு 10:35 முதல் 52 வரை மெதுவாக வாசியுங்கள். "நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று இயேசு கேட்கிற இரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. யாரிடம் கேட்டார் என்று பாருங்கள்

முதலில் செபெதேயுவின் மகன்கள் யாக்கோபு, யோவானிடம். வலப்பக்கமும் இடப்பக்கமும் உட்கார இடம் வேண்டும் என்றார்கள். பிறகு எரிகோவை விட்டுப் புறப்படும்போது, வழியோரம் பிச்சை கேட்டுக்கொண்டிருந்த பர்திமேயுவிடம் அதே கேள்வி. பார்வையில்லாதவர் வேறு என்ன கேட்டுவிடப் போகிறார் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் அவர் காசும் கேட்டிருக்கலாம். அன்றாடம் கேட்டதே அதுதானே. கூட்டம் அவரைச் சும்மா இருக்கச் சொல்லி அதட்டியது. இயேசுவோ நின்று, அவருடைய விருப்பத்தை அவர் வாயாலேயே சொல்லவைத்தார். சீடர்களின் மனதில் கிடந்த பதவி ஆசையை வெளியே கொண்டுவந்ததும் இதே கேள்விதான். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், இரண்டு நாள் தங்குங்கள்.

3. உங்கள் பதிலை எழுதுங்கள்

அதே கேள்வி உங்களிடம் கேட்கப்படுவதாக நினைத்து, முதலில் மனதில் வருவதை எழுதுங்கள். ஜெப வாசகம்போல் அழகாக இருக்க வேண்டாம். "இந்த மாத வாடகை" என்று வந்தால் அதையே எழுதுங்கள். அதன் கீழே, "அது கிடைத்தால் எந்தப் பயம் போகும்?" என்று எழுதிப் பாருங்கள். எனக்கு உண்மையான பதில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வரியில்தான் வருகிறது.

4. வேலைக்கு நடுவே கொண்டுபோங்கள்

மாற்கு 6-இல் பசித்த கூட்டத்தைப் பார்த்த சீடர்கள் அப்பம் வாங்க 200 தெனாரியம் வேண்டுமே என்று கணக்குப் போட்டார்கள். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. இயேசு கேட்டது, "உங்களிடம் எத்தனை அப்பங்கள் இருக்கின்றன? போய்ப் பாருங்கள்." போய்ப் பார்த்தார்கள்: 5 அப்பம், 2 மீன். பற்றாக்குறை மனதை அழுத்தும்போது, இல்லாததைக் கூட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அரிசி டப்பாவைத் திறந்து பாருங்கள். இருப்பதை எண்ணுங்கள், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜெபியுங்கள்.

5. அடுத்த வாரங்களுக்கு

38 வருடம் நோயாய்க் கிடந்தவரிடம் கேட்டது யோவான் 5:6-இல் இருக்கிறது. லூக்கா 10:36-ஐ வாசிக்கும்முன் 29-ஆம் வசனத்தையும் பாருங்கள். நியாயசாஸ்திரி, அதாவது யூத வேதச் சட்டம் கற்றவர், கேட்ட கேள்வியே அங்கே திசை மாறித் திரும்பி வருகிறது.

"என்னை நேசிக்கிறாயா" என்று பேதுருவிடம் மூன்று முறை கேட்ட யோவான் 21-ஐக் கடைசிக்கு வையுங்கள். 15-ஆம் வசனத்தில் தொடங்காமல் 9-இலிருந்து வாசியுங்கள். கரையில் கரிநெருப்பு, அதன்மேல் மீன். சீடர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் இயேசு கேட்கிறார்.