கடலூரில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சும் முன்

பிரான்சிலிருந்து ஊருக்குப் போகிற எங்களுக்குப் பிள்ளைகளின் விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில். இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் புது வீட்டைப் பார்த்துவிட்டு "அருமையா இருக்கு" என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம். ஆடி வெயிலில் எந்த வீடும் அருமையாகத்தான் இருக்கும். முடிந்தவர்கள் டிசம்பரில் போங்கள். 'தானே' புயல் இந்தக் கரையில் ஏறியதே 2011 டிசம்பர் 30 அன்றுதான். எந்த ஜன்னல் இடுக்கில் தண்ணீர் இறங்குகிறது என்பதை அந்த மாதம் உங்களுக்கு இலவசமாகக் காட்டிவிடும். முடியாதவர்கள் ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப்போய் வீட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கூட்டிப்போவதை உறவுக்காரர் யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

எங்கள் வீட்டைக் கட்டியவர் என் தாய்மாமாவின் மச்சினர். மேற்பார்வையும் மாமாதான். கட்டுகிறவரும் கண்காணிக்கிறவரும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறவர்கள் என்பது எனக்குப் பாரீஸில் உட்கார்ந்திருந்தபோது வசதியாகத்தான் இருந்தது. நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆவணி முதல் முகூர்த்தத்துக்குப் பத்திரிகையே அடித்துவிட்டார்கள். புதுச்சேரியிலிருந்து இன்ஜினியர் வருகிறார் என்று அம்மா வாய்தவறிச் சொன்னதும் மாமா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"ஏம்மா, நம்ம ஆளு கட்டின வீட்டுக்கு வெளியூர்க்காரன் வந்து சர்டிபிகேட் குடுக்கணுமா? அப்ப நான் எதுக்கு வெயில்ல நின்னேன்?"

அவர் நின்றது உண்மை. சித்திரை வெயிலில் தளம் போட்ட அன்று காலையிலிருந்து இருட்டும்வரை தலையில் துண்டோடு நின்றவர். எனக்கு வந்த அந்த வீடியோவுக்கு நான் போனில் கைதட்டும் பொம்மை அனுப்பினேன். அந்தக் கணக்கு இன்னும் நிற்கிறது. அதற்காக மாடி ஒழுகாமல் இருந்துவிடாது. இன்ஜினியரை வரவேண்டாம் என்று சொல், கடைசி பில்லை முகூர்த்தத்துக்கு முன்னால் முடித்துவிடு, இல்லையென்றால் சீர்வரிசையோடு வரமாட்டேன் என்றார். அம்மா சமையலறைக் கதவில் சாய்ந்துகொண்டு, "தம்பி மனசு நோகுதுடி" என்றார். இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. இன்ஜினியர் எதற்கு என்று யார் கேட்டாலும் பேங்க் லோனுக்கு என்று சொல்லிவிடுங்கள். பேங்க் கேட்டால் யாருக்கும் ரோஷம் வருவதில்லை.

இன்ஜினியர் வந்தார். முதல் வேலையாக ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக் கூடத்து டைல்ஸ் ஒவ்வொன்றின் மூலையிலும் தட்டிக்கொண்டே போனார். அடியில் கலவை நிறைந்திருந்தால் 'டிக்' என்று இறுக்கமாகக் கேட்கும். வெற்றிடம் இருந்தால் 'டொக்' என்று பானையைத் தட்டியது போல. சமையல் மேடையோரம் வரிசையாக டொக். மாமா பொறுக்கமுடியாமல் அதே நாணயத்தை வாங்கித் தானும் குனிந்து தட்டினார். "எல்லா டைல்ஸும் இப்படித்தான் சத்தம் போடும்" என்றார். அடுத்தது 'டிக்' என்றது. நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

மாடியில் வடிகால் குழாய்களை அடைத்து, ஓரத்தில் சின்ன வரப்புக் கட்டி, விரற்கடை அளவு தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடவேண்டும். கீழே நின்று தளத்தின் அடிப்பக்கம் பாருங்கள். எங்களுக்குக் கிழக்கு மூலையில் கைப்பிடிச் சுவரோரம் ஈரம் இறங்கியது. குளியலறைகளுக்கு 24 மணி நேரம் போதும். ஜன்னல்களுக்கு வெளியிலிருந்து ஹோஸ் பைப்பால் அடித்துப் பாருங்கள். இதெல்லாம் முடிய நாலைந்து நாளாகும். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் இடைவெளி வையுங்கள்.

கடலோரத்துக்கே உரிய சங்கதி உப்பு. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456, கடற்காற்று நேரடியாகப் படும் இடத்தில் கம்பியை 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்கவேண்டும் என்கிறது. எங்கள் சன்ஷேடு விளிம்பில் பூச்சு உதிர்ந்த இடத்தில் கம்பி கண்ணுக்கே தெரிந்தது. துருப்பிடித்த கம்பி பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். செங்கல் நிறத்தில் கோடு இறங்கியிருந்தால் விடாமல் கேளுங்கள். இன்னொன்று தண்ணீர். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஊற்றும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே தரநிலைதான். கடலோரத் தேவனாம்பட்டினம் பக்கம் போர்வெல் போட்டவர்களிடம் அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்க்கச் சொன்னால் போதும், புரிந்துவிடும். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்திருந்தாலோ, ஒரு திட்டு மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தாலோ ஈரமா என்று கை வைத்துப் பாருங்கள்.

மின்சாரத்துக்கு, கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், சுவிட்ச் விழவேண்டும். அவ்வளவுதான்.

சட்டம் பற்றி ஒன்று. பில்டரிடம் அடுக்குமாடி வீடு வாங்கியிருந்தால் 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி, சாவி கொடுத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் சொல்லும் குறையை 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்யவேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ எட்டுக்கு மேற்படாத வீடுகளோடோ அமைந்த திட்டத்தை இந்தச் சட்டப்படி ரியல் எஸ்டேட் ஆணையத்தில் பதிவுசெய்வது கட்டாயமில்லை. லாஸ்பேட்டை வீடு என்றால் புதுச்சேரியின் ஆணையம், மஞ்சக்குப்பம் என்றால் தமிழ்நாட்டின் ஆணையம். புகாரை மாற்றிக் கொடுத்தால் அலையவேண்டியதுதான். சொந்த மனையில் கான்ட்ராக்டரை வைத்துக் கட்டியவர்களுக்கு இந்தச் சட்டம் உதவாது. நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வீடு கட்டித்தருவதும் அங்கே சேவைதான், பிரச்சனை எழுந்த 2 ஆண்டுக்குள் போகவேண்டும். ஆனால் கையில் ஒப்பந்தம் வேண்டும். எங்களிடம் இருந்தது மச்சினரின் நோட்டுப் புத்தகக் கணக்கு. நல்லவேளை, பணமெல்லாம் பேங்க் வழியாகப் போயிருந்தது.

நீங்கள் திரும்பியபின் ஊரில் யாராவது உங்கள் சார்பில் கையெழுத்துப் போடவேண்டும் என்றால், பிரான்சில் உள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தாள் வரி கட்டியாகவேண்டும். அந்த யாராவது, கட்டியவருக்குச் சொந்தக்காரராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பால் காய்ச்சினோம். மாமா சீர்வரிசையோடு வந்தார், சாப்பிடவில்லை. மச்சினர் சமையல் மேடை டைல்ஸைப் பெயர்த்து மாற்றினார், மாடி மூலையைக் கொத்திப் பூசினார். மொத்தத் தொகையில் பத்து சதவீதத்தை நான் நிறுத்திவைத்திருக்கிறேன். நீங்களும் இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், ஒரு மழைக்காலம் தாண்டினால்தான் கடைசி பில் என்று. மாமா வாராவாரம் அம்மாவிடம் அதைக் கேட்கிறாராம். கார்த்திகை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.