ரிமோட்டின் டச் ஸ்கிரீன் வேலை செய்யவில்லையா?

முதலில் எந்த வகைத் திரை என்று பாருங்கள். நகத்தால் அழுத்தினாலும் வேலை செய்தால் ரெசிஸ்டிவ். விரல் பட்டால் மட்டும் என்றால் கெப்பாசிட்டிவ். தொடும் இடம் ஒன்று, வேலை செய்யும் இடம் வேறு என்றால் ரெசிஸ்டிவ் திரைக்கு செட்டிங்ஸில் கேலிபரேஷன் (தொடும் இடத்தைத் திரையோடு பொருத்திச் சரிசெய்வது) போதும், கழற்றவே வேண்டாம். தொடாமலே தானாக அழுத்திக்கொண்டால், பெரும்பாலும் திரையைச் சுற்றிய சட்டத்தின் விளிம்பில் சேர்ந்த அழுக்குதான். விளிம்பில் மெல்லிய காகிதத்தை ஓட்டி எடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத் திறக்கவும். பேட்டரி உப்பியிருந்தால் அதுதான் பின்னாலிருந்து திரையைத் தள்ளுகிறது; குத்தாமல், அமுக்காமல் அதை மாற்றுங்கள்.

அடுத்து ரிப்பன் கேபிள், அதாவது திரையைப் பலகையோடு இணைக்கும் தட்டையான கேபிள். கீழே விழுந்த ரிமோட்டில் இதுவே வழக்கமான குற்றவாளி. கனெக்டரின் பூட்டு நகத்தளவு பிளாஸ்டிக். பூட்டை நிமிர்த்தித்தான் கேபிளை உருவ வேண்டும், இழுத்தால் உடையும். முனையை 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்தபின் நேராகச் செருகிப் பூட்டவும்.

நான்கு கம்பி ரெசிஸ்டிவ் திரையை மல்டிமீட்டரால் (மின்தடை அளக்கும் கருவி) சோதிக்கலாம். திரையைத் தொடாத நிலையில் அந்த நான்கு கம்பிகளின் இரண்டு ஜோடிகள் தலா சில நூறு ஓம் காட்டும். ஒரு ஜோடி காட்டவே இல்லையென்றால் திரை போச்சு. புதிது வாங்கும்போது வெளி அளவு, கேபிள் முனையின் பின் (pin) எண்ணிக்கை, கேபிள் வெளிவரும் பக்கம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும்.